ஷாட் அடித்த பிறகு விழும் அடி: ரெஃப்ரி ஏன் விசில் ஊதுவதில்லை?

வலதுவிங் எழுதியது:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 1982 உலகக் கோப்பை அரையிறுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஜூலை 8, செவிய்யா நகரம், மேற்கு ஜெர்மனியும் பிரான்சும். எப்போது பார்த்தாலும் அந்த ஒரு இடத்தில் வயிறு பிசையும். பிரான்சின் பத்திஸ்தோன் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். அவர் அணியின் பிளாட்டினி பின்னாலிருந்து போட்டுக்கொடுத்த பந்தைத் துரத்திப் போய் ஒரு தட்டு தட்டிவிட்டார். பந்து போஸ்டுக்கு வெளியே உருண்டது. ஜெர்மன் கோலி ஷூமாஹர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் எழும்பி, இடுப்பைத் திருப்பி, நேராக அந்த மனிதரின் முகத்தில் இறங்கினார். பற்கள் போயின, முதுகெலும்பில் காயம், ஆள் நினைவில்லாமல் கிடந்தார். செத்துவிட்டார் என்றே நினைத்ததாகப் பிளாட்டினி பின்னால் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது அவர் கையைப் பிடித்தபடி பிளாட்டினி கூட நடந்து போவதையும் படத்தில் பார்க்கலாம்.

ரெஃப்ரி சார்லஸ் கோர்வர் கொடுத்தது கோல் கிக், அதாவது எதிரணி பந்தை வெளியே அடித்தால் கோலி பக்கத்துக்குக் கிடைக்கிற சாதாரண உதை. ஃபவுல் இல்லை, அட்டை இல்லை. அப்போது ஸ்கோர் 1-1. கடைசியில் 3-3 ஆகி, பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெர்மனி 5-4 என்று ஜெயித்தது. அதில் இரண்டு பெனால்டியைத் தடுத்தவரும் அதே ஷூமாஹர்தான்.

சரி, அது பழைய கதை. அந்த அளவுக்குக் கொடூரமானது இன்று நடந்தால் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்குச் சொல்கிறவர்கள்) விடாது. நான் கேட்க வந்தது அதன் சின்ன வடிவத்தைப் பற்றி. வாரா வாரம் பார்க்கிறோம். ஃபார்வர்ட் ஷாட் அடிக்கிறார், பந்து காலை விட்டுப் போய்விட்டது. அரை நொடி கழித்து டிஃபெண்டர் சறுக்கி வந்து, அவர் ஊன்றி நிற்கும் காலை வாரிவிடுகிறார். பந்து காலரிக்குப் போகிறது. கோல் கிக். ஃபார்வர்ட் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புரள்கிறார், கமென்டேட்டர் 'ஷாட் அடிச்சுட்டாரே, அப்புறம் என்ன' என்கிறார்.

இதே டேக்கிள் நடு மைதானத்தில், பாஸ் கொடுத்த பிறகு நடந்தால் ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார். ஃபவுல், பாதி நேரம் மஞ்சள் அட்டையும் உண்டு. கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள் ஷாட் அடித்த பிறகு மட்டும் அது எப்படி ஃபவுல் இல்லாமல் போகிறது? விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவிசில் எழுதியது:

இல்லை தம்பி. அப்படி ஒரு வரி இல்லை. மாவட்ட அளவில் 19 வருடம் விசில் ஊதியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

12ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: எதிராளியை டேக்கிள் செய்வது, உதைப்பது, மோதுவது, தடுக்கி விடுவது இதெல்லாம் கவனக்குறைவாக நடந்தால் ஃபவுல். எதிராளிக்கு என்ன ஆகுமென்று பொருட்படுத்தாமல் நடந்தால் ஃபவுலோடு மஞ்சள். தேவைக்கு மீறிய பலம், அல்லது எதிராளியின் உடம்புக்கே ஆபத்து என்றால் சிவப்பு. இந்த மூன்று படிகளிலும் 'பந்து அவனிடம் இருந்ததா' என்ற கேள்வியே கிடையாது. பந்து ஆட்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றில் பறந்துகொண்டிருக்கும் ஷாட்டும் ஆட்டத்தில் இருக்கும் பந்துதான். கோல் கோட்டை முழுசாகத் தாண்டும் வரை அது செத்த பந்து இல்லை.

ஆகவே பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன் கால் விழுந்தால், பாக்ஸுக்குள் அது பெனால்டி. தாண்டிய பிறகு விழுந்தால் பெனால்டி கிடையாது, கோல் கிக்கோ கார்னரோதான். ஆனால் அட்டை அப்போதும் கொடுக்கலாம். இதை எத்தனையோ ஆட்டக்காரர்களுக்கு, ஏன், கோச்சுகளுக்கே தெரியாது.

பிறகு ஏன் ஊதுவதில்லை? ஒரு காரணம் கண். ஷாட் அடித்த மாத்திரத்தில் மைதானத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் பந்தோடு போகும். ரெஃப்ரியின் கண்ணும் மனுஷக் கண்தான். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மோதலைப் பார்க்கவில்லை என்றுதான் கோர்வரும் பின்னாளில் சொன்னார். எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் உண்டு, ஆனால் அந்த வாக்கியத்தை நம்புகிறேன்.

இன்னொரு காரணத்தை எங்கள் ஆட்களே வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ரெஃப்ரியின் தலைக்குள் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் நடந்த தப்பு, மறு தட்டில் பெனால்டி. வாய்ப்பைத்தான் அவன் பயன்படுத்திக்கொண்டானே, வெளியே அடித்தது அவன் பாடு, இதற்குப் போய் பெனால்டியா என்று தோன்றிவிடும். இந்தத் தராசு விதியில் இல்லை, விசிலில் இருக்கிறது.

ஸ்டாப்பர்4 எழுதியது:

தராசு இருப்பதில் என்ன தப்பு? நான் இருபது வருடமாகப் பின்னால் நின்று ஆடுகிறவன். இங்கே எழுதுகிற எல்லாரும் ஃபார்வர்ட் மாதிரியே பேசுகிறீர்கள், ஒரு டிஃபெண்டர் பக்கத்திலிருந்து யோசியுங்கள்.

அவன் காலை ஓங்குகிறான். நான் பிளாக் பண்ணப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் கோச் திட்டுவார், கோலி திட்டுவான், வீட்டுக்குப் போனால் வீடியோ பார்த்த தம்பியும் திட்டுவான். நான் சறுக்க ஆரம்பிக்கும்போது பந்து அவன் காலில் இருக்கிறது, போய்ச் சேரும்போது இல்லை. நடுவில் பிரேக் போட நான் என்ன பஸ்ஸா? ஈரப் புல்லில் ஒரு தடவை இடுப்பைச் சாய்த்துவிட்டால் அப்புறம் நிற்பது புல்லின் கையில்தான்.

அதோடு நிறைய தடவை நடப்பது தலைகீழ். நான் காலை நீட்டி பிளாக் பண்ணி நிற்கிறேன், அவன் உதைத்த வேகத்தில் அவன் கால்தான் வந்து என் மேல் மோதுகிறது. வலி அவனுக்கு, அதனால் ஃபவுல் எனக்கா? ஷின் கார்டைக் கழற்றிக் காட்டட்டுமா?

வெளியே போன ஷாட்டுக்கு நாலில் மூன்று தடவை கோலாகிற பெனால்டியைக் கொடுப்பது நியாயமே இல்லை. வாழைப்பழம் விற்காமல் போனதற்குத் தோப்பையே எழுதிக் கேட்கிற கதை.

கோலிக்குண்டு எழுதியது:

ஸ்டாப்பர் அண்ணே சொன்னதோடு கோலிகள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 உலகக் கோப்பை, போலந்து - அர்ஜென்டினா ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? போலந்து கோலி ஷெஸ்னி பக்கவாட்டிலிருந்து வந்த கிராஸைத் தடுக்கப் பாய்ந்தார், மெஸ்ஸி முந்திக்கொண்டு தலையால் முட்டினார், பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. ஷெஸ்னியின் கை மெஸ்ஸி முகத்தில் உரசியது. உரசியது என்றுதான் சொல்லுவேன், அடித்தது என்று சொல்ல மாட்டேன். ரெஃப்ரி மக்கெலி முதலில் எதுவும் கொடுக்கவில்லை. வி.ஏ.ஆர். கூப்பிட்டது, திரையைப் போய்ப் பார்த்தார், பெனால்டி. கொடுக்க மாட்டார்கள் என்று மெஸ்ஸியிடம் 100 யூரோ பந்தயம் கட்டியதாக ஷெஸ்னி ஆட்டம் முடிந்து சொன்னார். பந்தயத்தில் தோற்றார், பெனால்டியைத் தடுத்துவிட்டார்.

ஆக 1982இல் பல் போனால் கோல் கிக், 2022இல் கன்னம் உரசினால் பெனால்டி. இரண்டிலுமே பந்து வெளியேதான் போனது. இதில் எது சரி என்று பழையவிசில் சார் சொல்லட்டும்.

நீலச்சட்டை10 எழுதியது:

மெஸ்ஸி என்பதால் கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால்

நெறியாளர் எழுதியது:

அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, 214 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ப் போடவும்.

பழையவிசில் எழுதியது:

கோலிக்குண்டு, விதிப்படி இரண்டுமே ஃபவுல்தான். அளவுதான் வேறு. ஷூமாஹர் செய்ததற்கு இன்றைக்குப் பெனால்டியும் சிவப்பும். ஷெஸ்னி விஷயத்தில் கை தாமதமாக வந்தது, பந்தைத் தொடவில்லை, முகத்தில் பட்டது. கவனக்குறைவு என்ற முதல் படிக்கு அது போதும், அட்டை வேண்டாம். ஆனால் வி.ஏ.ஆர். குறுக்கிடுகிற அளவுக்கு அது அப்பட்டமான பிழையா என்றால், நானாக இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன். மைதானத்தில் நின்றவர் கொடுக்கலாம், கொடுக்காமல் விட்டால் அறையில் உட்கார்ந்திருப்பவர் பேசாமல் இருக்கலாம். இந்த வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை.

கோலிகளுக்கு ஏதோ தனிச் சலுகை இருப்பதாக ஒரு நம்பிக்கை உண்டு. 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மன் கோலி நோயர் பந்தைக் குத்திவிட்டு முழங்காலோடு அர்ஜென்டினாவின் இகுவைன் மேல் போய் விழுந்தார். கொடுத்த ஃப்ரீ கிக் ஜெர்மனிக்கு! பந்தை முதலில் தொட்டது நோயர்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முழங்கால் வந்த விதத்துக்கு இகுவைன் மேல் ஃபவுல் கொடுத்ததை இன்று வரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டில், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், மான்செஸ்டர் யுனைடெட் கோலி ஒனானா ஒரு கிராஸுக்கு ஓடி வந்தார். பந்து கிடைக்கவில்லை, வுல்வ்ஸ் ஆட்டக்காரர் கலாய்ஜிச் மேல் முழு உடம்போடு மோதினார். ரெஃப்ரியும் கொடுக்கவில்லை, வி.ஏ.ஆரும் கொடுக்கவில்லை. வுல்வ்ஸ் 1-0 என்று தோற்றது. அது பெனால்டிதான் என்று ரெஃப்ரிகள் அமைப்பின் சார்பில் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக வுல்வ்ஸ் மேனேஜர் கேரி ஓ'நீல் அன்று இரவே சொன்னார். அவருக்குக் கிடைத்ததோ முறையிட்டதற்கான மஞ்சள் அட்டை.

இனி ஸ்டாப்பருக்கு. உங்கள் கேள்வியில் ஒரு பாதி மிகச் சரி. பிளாக் பண்ண நீட்டிய காலில் அவன் உதைத்துக்கொண்டால் அது உங்கள் ஃபவுல் இல்லை. நான் பார்ப்பது எந்தக் காலில் அடி விழுந்தது என்று. வீசின காலில் என்றால், பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போயிருக்கிறார்கள். ஊன்றின காலில் என்றால் கதை வேறு. ஊன்றின கால் எங்கும் நகரவில்லை, அது யார் மேலும் போய் மோதவும் முடியாது. அங்கே அடி விழுந்திருந்தால் வந்தவன்தான் போய் அடித்திருக்கிறான். அப்புறம் வந்த காலின் எந்தப் பக்கம் பட்டது என்று பார்ப்பேன். பாதத்தின் மேல்பக்கமும் முழங்காலும் தரையோடு தரையாக வந்தால் ஒரு விதம், பூட்ஸின் அடியிலிருக்கும் ஸ்டட் தெரிந்தால் வேறு விதம். கடைசியாக, தவறிவிட்டது என்று தெரிந்த நொடியில் ஆள் காலை மடக்கினானா, விறைப்பாகவே விட்டானா? பஸ்ஸுக்கு பிரேக் இல்லை என்று சொன்னீர்கள். நல்ல ஸ்டாப்பர்கள் சறுக்கியபடியே முழங்காலை மடக்குவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நீங்களும் மடக்குகிறவர்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டாப்பர்4 எழுதியது:

மடக்குவேன். எனக்குப் பிடித்த ஆளாக இருந்தால்.

வலதுவிங் எழுதியது:

சார், ஊன்றின கால் விஷயம் எனக்குப் புதிது. ஷாட் அடிக்கிறவனுக்கு அந்த நொடியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியே இல்லை. உடம்பின் பாரம் எல்லாம் ஒரு காலில், கண் பந்தில், மற்றக் கால் காற்றில். பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவனாவது குதித்துத் தப்பலாம்.

ஒரு சந்தேகம். 'ஷாட் அடித்ததே அட்வான்டேஜ், அதோடு கணக்குத் தீர்ந்தது' என்கிறார்களே, அது சரியா?

பழையவிசில் எழுதியது:

அது நடந்த வரிசையையே திருப்பிப் போடுகிற வாதம். அட்வான்டேஜ் என்பது ஃபவுலுக்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைக்கிற லாபம். நீங்கள் சொல்கிற கேஸில் ஷாட் முன்னால், ஃபவுல் பின்னால். பின்னால் நடந்த தப்புக்கு முன்னால் நடந்த ஷாட் எப்படி ஈடாகும்? சம்பளம் வாங்கிய பிறகு பர்ஸ் திருடு போனால், 'சம்பளம்தான் வந்துவிட்டதே' என்று போலீஸ் சொல்லுமா?

ஷாட் அடிக்கும்போதே, அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால் அடி விழுந்து, தடுமாறியபடியே அடித்தால்தான் அட்வான்டேஜ் பேச்சு வரும். அங்கேயும் விதி தெளிவு: எதிர்பார்த்த லாபம் சில நொடிகளுக்குள் கிடைக்காவிட்டால் திரும்பிப் போய் ஃபவுலைக் கொடு. கோலானால் கோல். தடுமாறி அடித்து வெளியே போனால், அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் ஃபவுல்தானே, திரும்பிப் போக வேண்டாமா? பெரும்பாலானவர்கள் போவதில்லை. விழுந்திருந்தால் பெனால்டி, நின்று அடித்ததால் ஒன்றும் இல்லை. பிறகு ஆட்டக்காரர்கள் ஏன் தொட்டதற்கெல்லாம் விழுகிறார்கள் என்று நாமே கேட்கிறோம்.

மூணுசெகண்ட் எழுதியது:

நான் பாஸ்கெட்பால்காரன், எட்டிப் பார்க்கலாமென்று வந்தேன். எங்கள் ஆட்டத்தில் இந்தத் தகராறே இல்லை. ஷாட் அடிக்க எழும்பியவன் இரண்டு காலும் தரையில் ஊன்றும் வரை ஷூட்டர்தான். பந்து கையை விட்டுப் போய்விட்டது என்பதெல்லாம் செல்லாது. அதற்குள் மேலே விழுந்தால் ஃபவுல். பாஸ்கெட் விழுந்திருந்தால் அது கணக்கில் சேரும், கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. விழாவிட்டால் இரண்டு அல்லது மூன்று ஃப்ரீ த்ரோ.

இறங்குகிற இடத்தில் காலை வைப்பது இன்னும் மோசமான விஷயம். 2017 மே மாதம் என்.பி.ஏ. பிளேஆஃபில் கவாய் லெனர்ட் ஷாட் அடித்துவிட்டு இறங்கும்போது எதிரணியின் சாசா பச்சூலியாவின் பாதத்தின் மேல் இறங்கி, கணுக்கால் திரும்பி, அந்தத் தொடரே அவருக்கு முடிந்தது. அடுத்த சீசனிலேயே ரெஃப்ரிகள் ரீப்ளே பார்த்து அதைக் கடுமையான ஃபவுலாக உயர்த்தலாம் என்று மாற்றினார்கள். வேண்டுமென்றே வைத்தானா என்று யாரும் கேட்பதில்லை, இறங்க இடம் விட்டானா என்று மட்டும்தான் கேள்வி.

உங்கள் ஆட்டத்தில் சிக்கல் என்னவென்று எனக்குப் படுவது: எங்களுக்கு ஃபவுலுக்கு விலை ஒரு பாயின்ட், இரண்டு பாயின்ட். நூறு பாயின்ட் ஆட்டத்தில் அது சில்லறை. உங்களுக்குச் சில்லறையே கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டு ஒன்றுதான், கடைக்காரர் தயங்கத்தான் செய்வார்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

இரண்டாயிரம் ரூபாய் நோட்டையே திரும்ப வாங்கிவிட்டார்கள் சார்.

ஸ்டாப்பர்4 எழுதியது:

நான் சொன்னதை இவர் அழகாகச் சொல்லிவிட்டார். தண்டனை பொருந்தாவிட்டால் ரெஃப்ரி ஊதமாட்டார், விதியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கோலி பந்தை 6 நொடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று எத்தனை வருடம் எழுதி வைத்திருந்தார்கள்? அதற்கு பாக்ஸுக்குள் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோலுக்கு அடித்தால் செல்லாது, இன்னொருவர் தொட வேண்டும். யாராவது கொடுத்தார்களா? 2025இல் விதியையே மாற்றினார்கள்: 8 நொடி, மீறினால் எதிர் அணிக்குக் கார்னர். ரெஃப்ரி ஐந்து நொடியைக் கைவிரலில் காட்டுகிறார், இப்போது கோலிகள் ஓடி ஓடி உதைக்கிறார்கள்.

அது போல இதற்கும் ஒன்று கொண்டுவாருங்கள். ஷாட் போன பிறகு லேட் டேக்கிளா? இன்டைரக்ட் ஃப்ரீ கிக், கூடவே மஞ்சள். நானே கையெழுத்துப் போடுகிறேன்.

கோலிக்குண்டு எழுதியது:

பாக்ஸுக்குள் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்றால் பதினோரு பேரும் கோல் லைனில் சுவர் கட்டி நிற்போம், நடுவில் நான் மட்டும் எதுவும் தெரியாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தயவுசெய்து வேண்டாம்.

பழையவிசில் எழுதியது:

ஸ்டாப்பர், 8 நொடி உதாரணம் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். கோலி பந்தை வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எலும்பு உடையாது, நேரம்தான் போகும். அங்கே தண்டனையைக் குறைத்து ஊத வைக்கலாம். இன்டைரக்ட் இன்றும் பாக்ஸுக்குள் உண்டு, உடம்பு படாமல் ஆபத்தாக ஆடினால். உடம்பில் பட்டதும் அது டைரக்ட் ஃப்ரீ கிக் குற்றம், பாக்ஸுக்குள் பெனால்டி. அந்தக் கோட்டை நீங்கள் ஷாட் அடித்தவனுக்கு மட்டும் நகர்த்தச் சொல்கிறீர்கள். அப்படியானால் கார்னர் அடித்த பிறகு, பந்தே இல்லாத இடத்தில் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுத்தால் பெனால்டி, ஷாட் அடித்தவனின் கணுக்காலைப் பெயர்த்தால் இன்டைரக்ட். விசித்திரமாக இல்லை?

வலதுவிங் எழுதியது:

வேண்டுமென்றே செய்தானா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? கமென்டரியில் எப்போதும் 'அவர் அப்படிப்பட்ட ஆட்டக்காரர் இல்லை' என்கிறார்கள்.

பழையவிசில் எழுதியது:

பார்ப்பதே இல்லை. 'வேண்டுமென்றே' என்ற சொல் பழைய விதியில் இருந்தது, 1995இல் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். மனசுக்குள் புகுந்து பார்க்க ரெஃப்ரி என்ன சோதிடரா?

2008 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் டிஃபெண்டர் மார்ட்டின் டெய்லர் ஆர்சனல் ஆட்டக்காரர் எடுவர்டோவின் காலை உடைத்தாரே, ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். நல்ல மனுஷன், வேண்டுமென்று செய்யவில்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். இருக்கலாம். பந்து நகர்ந்துவிட்டது, கால் லேட்டாக வந்தது, ஸ்டட் கணுக்காலுக்கு மேலே இறங்கியது. ரெஃப்ரி மைக் டீன் சிவப்பு கொடுத்தார், கொடுத்தது சரி. நல்ல மனுஷன் என்பதற்கு அட்டையில் கட்டமில்லை.

ஆனால் காயத்தைப் பார்த்து அட்டை கொடுப்பதும் தப்பு. 2019 நவம்பரில் எவர்டன் ஆட்டத்தில் டாட்டன்ஹாமின் சோன் ஹியூங்-மின் எவர்டனின் ஆந்த்ரே கோமெஸைப் பின்னாலிருந்து தட்டிவிட்டார். கோமெஸ் தடுமாறிப் போய் இன்னொருவரோடு மோதிக் கணுக்கால் கோரமாகத் திரும்பியது. ரெஃப்ரி முதலில் மஞ்சளைத்தான் எடுத்தார், காயத்தைப் பார்த்ததும் சிவப்பு. அப்பீலில் அந்தச் சிவப்பு ரத்தானது. டேக்கிள் மஞ்சளுக்கு உரியது, காயம் துரதிர்ஷ்டம். நாம் எடை போட வேண்டியது கால் வந்த விதத்தை. எலும்பை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஸ்டாப்பர்4 எழுதியது:

'பந்தைத்தான் முதலில் தொட்டேன்' என்பதும் செல்லாதா அப்போது? 2023 நவம்பரில் செல்சி ஆட்டத்தில் டாட்டன்ஹாமின் ரொமேரோ பந்தைச் சுத்தமாக வெளியே அடித்தார். அடித்த கால் அதே வேகத்தில் போய் என்சோ ஃபெர்னான்டஸின் முன்னங்காலில் ஏறியது. வி.ஏ.ஆருக்குப் பிறகு சிவப்பு, பெனால்டி இரண்டும். எங்கள் டீம் வாட்ஸாப் குரூப்பே அன்று பற்றி எரிந்தது.

பழையவிசில் எழுதியது:

செல்லாது. பந்தைத் தொடுவது அனுமதிச் சீட்டு இல்லை. அந்தச் சிவப்பு சரி.

ஆனால் வி.ஏ.ஆர். திரையில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எங்கே பட்டது என்று பார்க்கத்தான் ஸ்லோமோஷன், எவ்வளவு வேகம் என்பதை முழு வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று நெறிமுறையிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் - லிவர்பூல். லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸின் கால் பந்தின் மேல் வழுக்கிப் போய் டாட்டன்ஹாமின் பிசூமாவின் காலில் பட்டது. மஞ்சள் கொடுத்த ரெஃப்ரியைத் திரைக்குக் கூப்பிட்டு முதலில் காட்டியது ஒரு நிறுத்திய படம். நிறுத்திய படத்தில் எந்த டேக்கிளும் கொலை முயற்சி மாதிரிதான் இருக்கும். கல்யாண ஆல்பத்தில் சாப்பிடும்போது எடுத்த போட்டோவை வைத்து மாப்பிள்ளையை எடை போடலாமா?

கோலிக்குண்டு எழுதியது:

பிக்ஃபோர்ட் - வான் டைக் விஷயத்தை யாரும் எடுக்கவில்லையே. 2020 அக்டோபர், குடிசன் பார்க். எவர்டன் கோலி பிக்ஃபோர்ட் இரண்டு காலையும் கத்தரி மாதிரி விரித்துப் பாய்ந்தார், லிவர்பூல் டிஃபெண்டர் வான் டைக்கின் முழங்கால் தசைநார் அறுந்து அந்த சீசனே போனது. ஆஃப்சைடு என்று கொடி ஏறியதால் விட்டுவிட்டார்கள். நானும் கோலிதான், ஆனால் அதை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

பழையவிசில் எழுதியது:

நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஆஃப்சைடு என்பதால் பெனால்டி போகும். சிவப்பு அட்டை போகாது. கடுமையான ஃபவுலுக்கு அட்டை கொடுக்க ஆஃப்சைடு தடையே இல்லை. அன்று வி.ஏ.ஆர். அறையில் ஆஃப்சைடு கோட்டை மட்டும் வரைந்து பார்த்துவிட்டுக் காலைப் பார்க்க மறந்தார்கள். நான் இந்த இழையில் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். பந்து என்ன ஆனது, ஆஃப்சைடா, ஷாட் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு ஒரு பதில் கிடைத்ததும், ஆளுக்கு என்ன ஆனது என்ற கேள்வியே மறந்துபோகிறது. 1982இலும் அதே, 2020இலும் அதே. நடுவில் எத்தனை கேமரா வந்தது பாருங்கள்.

வலதுவிங் எழுதியது:

சார், நீங்கள் ஊதிய காலத்தில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? உங்களுக்கு கேமரா கிடையாதே.

பழையவிசில் எழுதியது:

முதலில் சமாளிக்கவில்லை. எனக்கு மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, ஒரு வட்டார இறுதி ஆட்டம். மண் மைதானம், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அடியில் கூட்டம். பதினேழு வயசுப் பையன் ஒருவன் பாக்ஸுக்குள் திரும்பி ஒரு ஷாட் அடித்தான். அருமையான ஷாட், போஸ்டை உரசிக்கொண்டு போனது. நான் பந்தோடு போய்விட்டேன். கோல் கிக்குக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினால் பையன் கீழே கிடக்கிறான், ஸ்டாப்பர் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கையைத் தூக்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பார்க்காததை ஊத முடியாது. லைன்ஸ்மேனிடம் ஓடினேன். 'நானும் பந்தைத்தாண்ணே பார்த்தேன்' என்றான்.

கோல் கிக்தான். பையன் நொண்டிக்கொண்டே வெளியே போனான், திரும்ப வரவில்லை. அந்த அணி தோற்றது. ஆட்டம் முடிந்து அவர்கள் கோச் கையெழுத்துப் போட வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஷாட் அடித்ததும் பந்தைப் பார்க்க மாட்டேன். மனசுக்குள் 'ஒண்ணு' என்று எண்ணும் வரை கண் அடித்தவனின் காலில்தான். பந்து எங்கே போனது என்பதைக் கூட்டமே சொல்லிவிடும், கத்தினால் உள்ளே, 'ச்சே' என்றால் வெளியே. கோட்டை லைன்ஸ்மேன் பார்த்துக்கொள்வான், அதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வேன். இப்படி ஊத ஆரம்பித்த முதல் வருடம் கொடுத்த பெனால்டிகளுக்கு வாங்கின வசவு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஊரில் பைக் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டாவது வருடம் அந்தப் பக்கத்து ஸ்டாப்பர்கள் என் ஆட்டத்தில் முழங்காலை மடக்கப் பழகியிருந்தார்கள்.

மூணுசெகண்ட் எழுதியது:

அந்த 'ஒண்ணு' எங்கள் ரெஃப்ரிகளும் செய்வதுதான். கால் தரையில் இறங்கும் வரை பந்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தருவார்கள்.

ஸ்டாப்பர்4 எழுதியது:

சார், வாதத்தில் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே போன ஷாட்டுக்குப் பெனால்டி எனக்கு இப்போதும் கசக்கிறது. ஆனால் ஒரு உதவி. வருகிற ஞாயிறு எங்கள் லீக் ஆட்டத்துக்கு ரெஃப்ரி கிடைக்கவில்லை. வருகிறீர்களா? டீசல் காசும் மதியச் சாப்பாடும் உண்டு.

பழையவிசில் எழுதியது:

முழங்கால் ஒத்துழைத்தால் வருகிறேன். நீங்கள் சட்டை நம்பர் 4தானே?

ஸ்டாப்பர்4 எழுதியது:

அன்றைக்கு மட்டும் 5 போட்டுக்கொள்கிறேன்.